பொத்தானை அழுத்தும் விரல்: கதைசொல்லலுக்கு வரும் நிதியும் நினைவின் மீதான உரிமையும்



மறைந்த ஒருவரை நினைவுகூரக் கூடியிருக்கும் இந்நாளில் நினைவைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறோம். அருங்காட்சியகங்களும் மரபு அமைப்புகளும் மக்களின் கதைகளை இணையத்தில் சொல்வதற்கென்று இன்று பல நாடுகளில் நிதி வழங்கப்படுகிறது. நம் இளைஞர்களும் கைப்பேசியோடு சேரிகளுக்குப் போய்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து வருகிறார்கள். அந்த உழைப்பைத் தேடி நாளை நிதி வந்தால் நாம் அதை எப்படி எதிர்கொள்வது? இக்கேள்வியோடு ஜப்பானிய அமெரிக்கர்களின் வரலாற்றைப் பார்ப்போம். அவர்கள் பட்டதும் நாம் படுவதும் ஒன்றல்ல. ஆனால் ஒடுக்கியவரின் ஆவணத்திலிருந்து தம் கதையை மீட்ட விதத்தில் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நிர்வாக ஆணை 9066இல் கையெழுத்திட்டார். அதன் விளைவாக மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வீட்டையும் கடையையும் வயலையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 1,20,000 பேர் 10 முகாம்களில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். யார் மீதும் தனித்தனியாகக் குற்றம் சாட்டப்படவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. பிறப்பே குற்றமாக எண்ணப்பட்டது.

இந்த வெளியேற்றத்தைப் படமெடுக்க அரசே டொரோதியா லாங் என்ற புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரை அமர்த்தியது. அவர் எடுத்த படங்களில் மக்களின் துயரம் தெரிந்தது. போர் முடியும்வரை ராணுவம் அப்படங்களை முடக்கிவைத்தது. கலிஃபோர்னியாவின் மான்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர்களில் டோயோ மியாடாகே என்ற ஒளிப்படக் கலைஞரும் ஒருவர். கைதிகள் கேமரா வைத்திருக்கக் கூடாது. அவர் ஒரு லென்ஸை மறைத்து உள்ளே கொண்டுபோனார். மரப்பெட்டி செய்து அதில் பொருத்திப் படமெடுத்தார். பிறகு முகாம் நிர்வாகம் அவருக்கு ஒரு வினோதமான அனுமதி தந்தது. கேமராவை அவர் நிறுத்தலாம், கோணம் பார்க்கலாம், வெளிச்சம் சரிசெய்யலாம். பொத்தானை மட்டும் ஒரு வெள்ளையர் அழுத்த வேண்டும்! சில காலம் கழித்தே அந்தக் கட்டுப்பாடு விலகியது.

நிதி பற்றிப் பேசும் இடத்தில் இதை ஏன் சொல்கிறோம்? உழைப்பு, முகம், வலி எல்லாம் நம்முடையதாக இருக்க, பொத்தானை மட்டும் வேறொருவர் அழுத்துவது என்ற ஏற்பாடு அந்த முகாமோடு முடிந்துவிடவில்லை. பல கதைசொல்லல் திட்டங்கள் இன்றும் இப்படித்தான் நடக்கின்றன.

இரண்டாவது செய்தி ஒரு பெண்ணைப் பற்றியது. ஐகோ ஹெர்சிக் யோஷினாகா பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது மான்சனாருக்கு அனுப்பப்பட்டவர். வரலாற்றுப் பட்டம் ஏதும் பெறாதவர். 1970களின் இறுதியில் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு நாள்தோறும் போய்த் தன் குடும்பத்தின் கோப்புகளைத் தேடத் தொடங்கினார். அவருடைய உழைப்பைக் கண்டுதான் அரசு அமைத்த விசாரணைக்குழு பின்னர் அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டது. 1982இல் அவர் கையில் ஓர் அறிக்கை அகப்பட்டது. வெளியேற்றத்தை நடத்திய ஜெனரல் டிவிட்டின் இறுதி அறிக்கையின் முதல் வடிவம் அது. விசுவாசமானவர் யார், இல்லாதவர் யார் என்று விசாரிக்க நேரம் இல்லை என்றுதான் அரசு அதுவரை சொல்லிவந்தது. முதல் வடிவமோ நேரம் ஒரு பொருட்டல்ல, இந்த இனத்தாரில் அப்படிப் பிரித்தறியவே இயலாது என்றது. இந்த வடிவத்தின் படிகளை எரிக்க அன்றே உத்தரவு போயிருந்தது. எரியாமல் தப்பிய ஒரு படி, ஆணையை எதிர்த்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஃபிரெட் கோரமாட்சு மீதான தீர்ப்பை 1983இல் ரத்து செய்ய உதவியது.

1988இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்கியது. இந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் நினைவுக்கான நிதியும் வந்தது. 2006இல் நிறைவேறிய சட்டம், முகாம் இடங்களைப் பாதுகாக்கவும் அவற்றின் வரலாற்றைச் சொல்லவும் 3 கோடியே 80 லட்சம் டாலர்வரை மானியம் வழங்க வழிசெய்தது. மக்கள் கேட்டுப் பெற்ற நீதியின் ஒரு பகுதி அந்தப் பணம். அதில் யாருடைய பெருந்தன்மையும் இல்லை.

சியாட்டிலில் இயங்கும் டென்ஷோ இம்மானியத்தைப் பெற்ற அமைப்புகளில் ஒன்று. ஜப்பானிய மொழியில் அப்பெயருக்கு அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தல் என்று பொருள். 1996இல், அதாவது அந்தச் சட்டத்துக்குப் பத்தாண்டுகள் முன்பே, முகாமில் இருந்தவர்களின் பேச்சைக் காணொளியில் பதிவுசெய்யத் தொடங்கிவிட்டார்கள். முதியவர்கள் மறைந்துகொண்டிருந்தார்கள், மானியத்துக்காகக் காத்திருக்க நேரமில்லை. சொற்களையும் அவர்களே தீர்மானித்தார்கள். அரசு ‘அப்புறப்படுத்தல்’, ‘இடமாற்றம்’ என்று எழுதிவைத்திருந்தது. டென்ஷோ அதைச் ‘சிறைவைப்பு’ என்று எழுதுகிறது. ‘அரிஜன்’ என்ற சொல்லை மறுத்து ‘தலித்’ என்று எழுதிய நமக்கு, பெயரிடும் உரிமை எவ்வளவு பெரியது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நிதிக்கும் எல்லைகள் உண்டு. அரசு இரண்டு டாலர் தந்தால் அமைப்பு ஒரு டாலர் திரட்ட வேண்டும் என்பது அந்த மானியத்தின் விதி. பணம் திரட்டும் வலு இல்லாத சிறு குழுவுக்கு இந்த வாசல் குறுகலானது. கொடுத்த கை மூடவும் செய்யும். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் மானுடவியல் கல்விக்கான தேசிய நிதி அமைப்பு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை ரத்து செய்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஜப்பானிய அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகமும் அப்படி நிதியை இழந்தது.

நம் நிலைமை இன்னும் இறுக்கமானது. வெளிநாட்டு நிதி பெற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி பெற்ற அமைப்பு அந்தப் பணத்தை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்க முடியாது. இதனால் ஊரளவில் இயங்கும் சிறு குழு பதிவுகளைத் திரட்டித் தரும் இடமாகவும், பெரிய நிறுவனம் அவற்றை வெளியிடும் இடமாகவும் ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்போது பொத்தானில் இருக்கும் விரல் யாருடையது?

நிதியே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. கணினிக்கும் சேமிப்பகத்துக்கும், எழுத்துப்படி எடுக்கும் மாணவரின் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும். உழைப்பை இலவசமாகக் கேட்பதும் சுரண்டல்தான். ஆனால் கையெழுத்திடும் முன் சிலவற்றை நாம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மூலப்பதிவின் ஒரு படி எப்போதும் நம்மிடம் இருக்க வேண்டும். சொன்னவர் கேட்டால் பதிவை நீக்கவோ பெயரை மறைக்கவோ வழி இருக்க வேண்டும்; வன்கொடுமைக்குச் சாட்சி சொன்னவர் அதே ஊரில்தான் வாழ்கிறார். சாதியின் பெயரையும் வன்முறையின் பெயரையும் மழுப்பும் உரிமை யாருக்கும் தரப்படக் கூடாது. நிதி நின்ற மறுநாளும் அந்தப் பதிவு எங்கே இருக்கும் என்பதற்கு விடை வேண்டும்.

நம்மிடமும் முன்மாதிரி உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. வாசகர் தரும் காசில் நடந்த இதழ் அது. அவர் 1914இல் மறைந்தார். பொதுவரலாறு அவரை மறந்த காலத்திலும் அவர் வழிவந்தவர்கள் பழைய இதழ்களைத் தங்கள் வீடுகளில் காப்பாற்றிவைத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அந்தத் தாள்களைக் கரையானிடமிருந்து காத்த கைகளுக்கு எந்த மானியமும் வரவில்லை.

எனவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இந்த வாரமே உங்கள் தெருவில் மூத்த ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர் அனுமதியோடு பதிவுசெய்யுங்கள். நாள், ஊர், சொன்னவர் விருப்பம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். இரண்டு இடங்களில் சேமியுங்கள். நிதி வரும்போது வரட்டும், வந்தால் நம் நிபந்தனைகளோடு வாங்குவோம். பொத்தானை அழுத்தும் விரல் நம்முடையதாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.