ஆரணிப் போரும் சல்பாய் உடன்படிக்கையும்: 1782ஆம் ஆண்டின் போர்–சமாதானத் தெரிவுகள்

இன்று பட்டுத்தறிகளால் அறியப்படும் ஆரணி, இரண்டாம் ஆங்கிலேய–மைசூர்ப் போரில் ஹைதர் அலியின் தானிய, வெடிமருந்துக் கிடங்காக விளங்கியது. 1782 ஜூன் 2 அன்று இவ்வூரருகே நிகழ்ந்த போரை ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் சர் அயர் கூட்டின் வெற்றிகளுள் ஒன்றாக எண்ணுவர். அவ்வெற்றியில் கிடைத்தவையோ ஒரு பீரங்கியும் பதினொரு வெடிமருந்து வண்டிகளுமே! கோட்டை கைவரவில்லை. ஆதலின் இப்போரைக் களக்கணக்காக அன்றி, போரா சமாதானமா என அரசுகள் எடைபோட்ட காலத்தின் ஒரு கூறாகக் காண்பதே பொருந்தும்.

1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தபின், வங்காளத்திலிருந்து கூட் அனுப்பப்பட்டார். படையதிகாரம் அவரிடம், கருவூலமோ, 1781 ஜூனில் சென்னை ஆளுநரான மெக்கார்ட்னியிடம். இவ்விருவரின் பிணக்கு ஹைதருக்குக் கிடைத்த துணைப்படை எனலாம். பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் வென்ற கூட், பின்வாங்கியவரைத் துரத்த இயலவில்லை. வண்டிமாடும் அரிசியும் போதவில்லை. ஆரணிக் கிடங்கின்மீது அவர் குறிவைத்ததன் காரணம் இதுவே.

ஹைதரின் நிலையும் எளிதன்று. 1782 ஏப்ரலில் கடலூர் வீழ்ந்தும், பிரெஞ்சுத் தளபதி துஷெமென், புஸ்ஸி வரும்வரை பெரும்போரைத் தவிர்க்கவே விரும்பினார். கிளியனூரருகே வலுவான நிலை கொண்டிருந்த ஹைதர், கூட் ஆரணி நோக்கித் திரும்பியதும் அந்நிலையை விட்டு விரைந்து வர நேர்ந்தது. கோட்டைக்கு வலுச்சேர்க்கத் திப்பு முன்னதாக அனுப்பப்பட்டார். கிடங்கு தப்பியது.

இதற்குப் பதினாறு நாள் முன்பு, மே 17 அன்று, குவாலியர் அருகே சல்பாயில் மகாதஜி சிந்தியாவின் முயற்சியால் மராத்தியர்க்கும் கும்பெனிக்கும் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. கும்பெனியிடமிருந்தும் ஆற்காட்டு நவாபிடமிருந்தும் கைப்பற்றிய நிலங்களை ஹைதர் ஆறு மாதத்துள் திருப்பியளிக்கச் செய்வதாகப் பேஷ்வா தரப்பு அதில் ஏற்றிருந்தது. ஆயினும் புனேயில் நானா பட்னவிஸ் ஒப்புதலைத் தள்ளிப்போட்டார். ஹைதர் கர்நாடகத்தில் நிலைத்திருக்கும்வரை கும்பெனியிடம் புனே பேரம் பேச இடமிருந்தது என்பதே அத்தாமதத்தின் உட்பொருளாதல் கூடும். அவ்வகையில் ஆரணி வீழாமை, களத்தைவிடப் பேச்சுவார்த்தைக்கே மிகுதியும் பயன்பட்டது.

1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே ஹைதர் இறந்தார். அம்மாதமே புனேயின் ஒப்புதல் வந்தது. நிலங்களின் மீட்பு மட்டும் சல்பாய் வழியே நடைபெறவில்லை. 1784 மார்ச் 11 அன்று மங்களூரில் திப்புவுடன் கும்பெனி தனியே உடன்படிக்கை செய்தபோதே அது முடிவாயிற்று.