கிபிர் என்ற பெயர்

போர்க்காலத்தில் வன்னியிலும் மன்னார்க் கரையிலும் குண்டு போட வந்த ஜெட் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கிபிர். வந்தது மிக் ஆக இருந்தாலும் சனங்கள் 'கிபிர் அடிச்சது' என்றே சொன்னார்கள். எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள்.

கிபிர் விமானத்தின் பிறப்பே கொஞ்சம் விசித்திரமானது. இஸ்ரேல் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த 50 மிராஜ் 5 விமானங்களை, 1967 போரை ஒட்டிப் பிரான்ஸ் கொடுக்காமல் நிறுத்திவிட்டது. இஸ்ரேல் மிராஜின் உடலைத் தானே கட்டி, அமெரிக்க பாண்டம் விமானத்தின் ஜே79 எஞ்சினை அதற்குள் வைத்தது. இந்த எஞ்சின் காற்றைக் கூடுதலாக உறிஞ்சும், சூடும் அதிகம். ஆகவே பக்கவாட்டிலுள்ள காற்றுவாய்களை அகலமாக்கினார்கள். எஞ்சினைச் சுற்றி வெப்பத்தடுப்பு போட்டார்கள். வால்செட்டையின் அடியில் குளிர்காற்று போக ஒரு சின்ன வாய் வைத்தார்கள். படத்தில் மிராஜையும் கிபிரையும் பிரித்தறிய அந்த வாயைப் பார்த்தாலே போதும். விமானம் 1975 ஏப்ரலில் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. அதன்பின் வந்த சி.2 வகையில் காற்றுவாய்களுக்கு மேலே இரண்டு சிறு முன்செட்டைகள் சேர்ந்தன.

முன்செட்டைகளுக்குக் காரணம் இருந்தது. முக்கோணச் செட்டை நேர்வேகத்துக்கு நல்லது. ஒலியைவிட இருமடங்குக்கு மேற்பட்ட வேகம் கிபிருக்கு உண்டு. வளைந்து திரும்பும்போதுதான் சிக்கல். முதல் திருப்பம் கூர்மையாக வரும், ஆனால் அதிலேயே வேகம் கரைந்துவிடும். பிறகும் விடாமல் சுற்றினால் விமானம் கனத்துப்போய் எதிரியின் கைக்குள் விழும். முன்செட்டை இந்தக் குறையைத் தணித்ததே தவிரத் தீர்க்கவில்லை. கிபிரில் தேர்ந்தவர் சுழன்று சண்டை பிடிக்கமாட்டார். உயரத்திலிருந்து பாய்ந்து, ஒருமுறை சுட்டு, அதே வேகத்தில் மேலே ஏறிவிடுவார்.

பாவனைச் சண்டைக்கும் இதே விமானம் உதவியது. 1985 முதல் 1989 வரை அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் 25 கிபிர்களை இரவல் வாங்கி, எஃப்-21 என்று பெயரிட்டு, தங்கள் விமானிகளுக்கு எதிரியாகப் பறக்கவிட்டன. சோவியத் மிக்-23 போல நடிப்பதே அவற்றின் வேலை. உண்மையான வானச்சண்டையில் கிபிரின் கணக்கு மிகச் சிறியது. 1979இல் இஸ்ரேலியக் கிபிர் ஒன்று சிரியாவின் மிக் ஒன்றை வீழ்த்தியது. 1995இல் எக்குவடோரின் கிபிர் பெருவின் ஏ-37 ஒன்றை.

இலங்கை விமானப்படை 1996இல் கிபிர்களை வாங்கி, கட்டுநாயக்காவில் 10ஆவது அணியில் சேர்த்தது. இங்கே அவற்றின் வேலை தரையில் குண்டு போடுவது மட்டுமே. குண்டு விழுந்த ஊர்களில் ஒரு பழக்கம் படிந்தது. இரைச்சல் கேட்கும் திசையில் தேடினால் விமானம் தென்படாது. ஒலி வந்து சேருவதற்குள் அது வெகுதூரம் முன்னே போயிருக்கும். கண்ணை முன்னால் ஓட்டினால்தான் பிடிபடும். ஆனால் அதற்குள் பதுங்குகுழிக்குப் போய்விட வேண்டும். மன்னார் மாவட்டக் கரையிலுள்ள வங்காலை என்ற ஊருக்கு வடக்கே, அதே கரையில், இலுப்பைக்கடவைக்கு அருகிலுள்ள படகுத்துறை என்ற மீனவக் குடியிருப்பில் 2007 ஜனவரி 2ஆம் திகதி விமானப்படை குண்டு வீசியது. பொதுமக்கள் 15 பேர் இறந்தார்கள். அது விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் தளம் என்றது அரசு. நேரில் போய்ப் பார்த்த மன்னார் ஆயர் இராயப்பு யோசப், அங்கே இருந்தவர்கள் பொதுமக்களே என்றார்.

வான்வழித் தாக்குதல் வங்காலைக்கு மிக அருகில் வந்த இரவில் ஜெட் எதுவும் குண்டு போடவில்லை. 2008 அக்டோபர் 28 இரவு புலிகளின் சிறுவிமானம் தள்ளாடி இராணுவ முகாமில் குண்டு போட்டது. அதே இரவில் கொழும்பு களனிதிஸ்ஸ மின்நிலையமும் தாக்கப்பட்டது. மன்னார்த் தீவுப் பாலம் தரையைத் தொடும் இடத்தில் இருப்பது தள்ளாடி. அதற்கும் வங்காலைக்கும் நடுவில் கிடப்பது நாரைகளும் பூநாரைகளும் இறங்கும் சேற்றுவெளி. புலிகளிடம் இருந்தவை செக் நாட்டின் சிலின் 143 விமானங்கள்: நான்கு இருக்கை, ஒரே காற்றாடி, பயிற்சிக்கென்று செய்தவை. மணிக்கு 260 கிலோமீட்டர் அளவில் போகும் அதை, வேகத்துக்கென்றே பிறந்த ஜெட் இருட்டில் துரத்துவது கடினம். ஜெட் வேகத்தைக் குறைத்தால் விழும். குறைக்காவிட்டால் இலக்கைத் தாண்டிப் போய்விடும். சின்ன எஞ்சினின் சூடும் குறைவு. வெப்பத்தைத் தேடிப்போகும் ஏவுகணைக்கு அது எளிதில் சிக்காது.

இப்போது 'வார் தண்டர்' என்ற கணினி விளையாட்டில் இஸ்ரேல் வரிசையில் கிபிர் சி.2 இருக்கிறது. புதிதாக ஓட்டுபவர் முதல் திருப்பத்தின் கூர்மையில் மயங்கி, இரண்டாவது திருப்பத்தையும் இழுத்துப்பிடித்து, வேகமெல்லாம் போய் அடிபடுவார். சில நாள் தோற்றபின் உயரம் ஏறக் கற்றுக்கொள்வார். இலங்கையில் பறந்த கிபிர்களுக்கு வானில் ஒரு விமானத்தோடும் சண்டை பிடிக்க வேண்டி வரவில்லை.