ஒரே கட்டம், இரு விடைகள்

குறுக்கெழுத்துப் போட்டிக்கு இலக்கிய நிகழ்ச்சியில் என்ன வேலை என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிய காளமேகத்தின் சிலேடையைக் கொண்டாடும் மரபு நம்முடையது. அந்த உரிமையிலேயே இப்பொருளை எடுத்துக்கொள்கிறேன்.

1913 டிசம்பர் 21 ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆதர் வின் வெளியிட்ட சொற்கட்டங்களே இக்காலக் குறுக்கெழுத்தின் தொடக்கம் என்பர். பின்னர் ஒரு கருப்பொருளைச் சுற்றிப் பின்னப்படும் குறுக்கெழுத்துகளும் வந்தன. பத்துப் பூக்களின் பெயர்களை நிரப்பிவிட்டால் கருப்பொருள் அமைந்துவிடுமா? மூன்றாவது பூவைக் கண்டதும் மிகுதி ஏழையும் ஊகித்துவிடலாமே! அப்படியாயின் நிறைவு தருவது எது? வரலாற்றில் இதற்கு நல்லதொரு சான்று உண்டு.

1980 இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் காட்டரும் றேகனும் போட்டியிட்டனர். ஆங்கிலத்தில் இரு பெயர்களுக்கும் ஆறு எழுத்துகள். இதைக் கவனித்த கணிதப் பேராசிரியர் ஜெரமையா பரல், எவர் பெயரை இட்டாலும் பொருந்தும் குறுக்கெழுத்தொன்றை அமைத்தார். மூன்றாம் வேட்பாளரான அன்டர்சன் வென்றால் என்ன செய்வது என்று கேட்டு, 'நியூயோர்க் ரைம்ஸ்' குறுக்கெழுத்து ஆசிரியர் மலெஸ்கா அதை மறுத்துவிட்டார்.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1996 இல் கிளின்டனும் பொப் டோலும் மோதினர். இருவர் பெயருக்கும் ஏழேழு எழுத்துகள். ஓரிடத்திலேனும் எழுத்து ஒன்றுபடவில்லை. புதிய ஆசிரியர் வில் ஷோட்ஸ், பரலின் புதிய ஆக்கத்தை வாக்களிப்பு நாளான நவம்பர் 5 இல் வெளியிட்டார். நடுவரிசையின் குறிப்பு, மறுநாட் பத்திரிகையின் தலைப்புச் செய்தியைக் கேட்டது. 'கிளின்டன் தெரிவு' என்றும் எழுதலாம். 'பொப் டோல் தெரிவு' என்றும் எழுதலாம்.

மேலிருந்து கீழ் வரும் ஏழு சொற்களும் இரு விடைக்கும் இசைந்தன. ஹலோவீன் நாளின் கருநிறப் பிராணி எது? பூனை எனில் 'கற்', வௌவால் எனில் 'பற்'. முதலெழுத்து கிளின்டனுக்கோ டோலுக்கோ உரியதாகிவிடும்.

பத்திரிகை பக்கஞ்சார்ந்துவிட்டதென வாசகர் பலர் தொலைபேசியில் முறையிட்டனர். பிழையான விடையைப் போட்டுவிட்டதாக வேறு சிலர் குறைகூறினர். தாம் எழுதிய பெயரைத் தவிர இன்னொன்றும் அங்கே பொருந்துமென்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

கருப்பொருளின் வெற்றி இங்கேதான் உள்ளதென்பது என் கருத்து. தேர்தல் பற்றிய சொற்களைப் பரல் அடுக்கவில்லை. முடிவு தெரியாத நாளின் நிலையையே கட்டங்களுக்குள் கொண்டுவந்தார். அதற்காக ஒரு குறிப்பையும் அவர் வளைக்கவில்லை. ஒவ்வொன்றும் இரு பக்கத்துக்கும் நேர்மையாக நின்றது. அந்த நேர்மை இல்லாதிருந்தால், உண்மை தெரிந்த வாசகன் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்திருப்பான். நேர்மை இருந்தமையால், மறுநாள் தன் விடை தோற்ற வாசகனும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருக்க முடியும்.