கேட்கும் காவலும் கேட்காத காவலும்

மல்லாங்கிணற்றில் எங்கள் தெருவில் அரசு மடிக்கணினி இல்லாத வீடு குறைவு. 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை. வாங்கிய பிள்ளை வேலைக்குப் போன பிறகும் பெட்டி வீட்டில்தான் இருக்கிறது. தம்பியோ தங்கையோ அதில் படிக்கிறார்கள், தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். ஏதாவது மக்கர் செய்தால் எனக்கு ஆள் வரும். மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, கட்டணமும் கட்டியாகிவிட்டது, ஆனால் நெட் வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது ஃபயர்வாலைத்தான். தீயரண், தீச்சுவர் என்றெல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் ஊர் வாயில் அது ஃபயர்வால்தான்.

வீட்டுக் கணினிக்கு வரும் ஃபயர்வால்களை நான் இரண்டு சாதியாகப் பிரிப்பேன். ஒன்று, விண்டோஸோடு கூடவே வருவது. நாம் கூப்பிடாத யாரையும் வெளியிலிருந்து உள்ளே நுழைய விடாது. உள்ளேயிருந்து போகிறவர்களை எங்கே போகிறாய் என்று கேட்காது. மற்றது, நாமாகத் தேடி நிறுவுவது. சோன்அலாரம் அதற்குப் பேர்போன உதாரணம். உள்ளே வருபவரையும் நிறுத்தும், வெளியே போகும் ஒவ்வொரு நிரலையும் நிறுத்தி, ‘இவரை விடலாமா?’ என்று நம்மிடம் கேட்கும். இந்த இரண்டில் எது நம் வீட்டுக்கு ஏற்றது என்பதுதான் என் கேள்வி.

கேட்காத காவல் ஏன் வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2003 ஆகஸ்டில் அருப்புக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். திரையில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. கணினி 60 விநாடியில் அணையும் என்றது. 59, 58 என்று எண் இறங்கியது. பக்கத்துக் கணினியிலும் அதே. பிளாஸ்டர் என்ற புழு, அதாவது தானாகப் பரவும் தீநிரல். யாரும் எதையும் திறக்கவில்லை, எதையும் இறக்கவில்லை; இணையத்தில் இணைந்திருந்ததே போதுமாக இருந்தது. 135-ஆம் போர்ட் என்ற வாசல் வழியாக நேரே உள்ளே வந்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் ஜூலை மாதமே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வாலும் இருந்தது. ஆனால் அது அணைக்கப்பட்டே வந்தது. தேடிப் போய்ப் போட்டவர்கள் சொற்பம். மறு ஆண்டு சாசர் என்ற புழு 445-ஆம் போர்ட்டில் அதையே செய்தது. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோதுதான் ஃபயர்வால் தானாகவே போடப்பட்டு வந்தது. வீட்டுக் கணினியின் பாதுகாப்பில் இதைவிடப் பெரிய ஒற்றை மாற்றம் வேறில்லை என்பேன். அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் வெளியே போவதைத் தடுக்கும் வசதியும் சேர்ந்தது. ஆனாலும் நாமாக விதி எழுதாதவரை வெளியே போவது எதையும் அது மறிப்பதில்லை.

சோன்அலாரம் இதற்கெல்லாம் முன்பே, 2000-ல் புழக்கத்துக்கு வந்தது. வீட்டுக்கு இலவசம். விண்டோஸில் காவலே இல்லாத காலத்தில் அது பெரிய உபகாரம். அதைவிட, நம் கணினிக்குள்ளிருந்து யார் யார் வெளியே பேசுகிறார்கள் என்பதைச் சாதாரண மனிதர் பலருக்குக் காட்டியது அதுதான். பாட்டுக் கேட்கும் நிரல் எதற்கு இணையத்துக்குப் போகிறது என்று கேட்கும் பழக்கத்தை அது பலருக்குக் கொடுத்தது. களவாடிய தகவலை வெளியே அனுப்பும் உளவு நிரலை வாசலில் பிடிப்பதற்கும் இந்த முறையே வழி. அதன் பெருமையை நான் குறைக்க மாட்டேன்.

கேள்வி கேட்பது நல்லதுதான். பதில் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்க வேண்டும். என் அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தேர்வு விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள். அண்ணன் மகள் கூப்பிட்டாள். ‘சித்தப்பா, லைட்டெல்லாம் எரியுது, ஒரு பக்கம்கூடத் திறக்க மாட்டேங்குது.’ போய்ப் பார்த்தேன். முதலில் மோடத்தின் எண்ணுக்கு, 192.168.1.1-க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தேன், பதில் வந்தது. அடுத்து வெளியே 8.8.8.8, அதுவும் வந்தது. ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்ததும் நின்றுவிட்டது. எண் போகிறது, பெயர் போகவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் வேலை செய்யவில்லை என்று பொருள். இணைப்பில் கோளாறு இல்லை. அவள் போட்டிருந்த இலவச ஃபயர்வாலின் நிரல் பட்டியலைத் திறந்தேன். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயருக்கு நேரே சிவப்புப் பெருக்கல் குறி. விண்டோஸின் பல சேவைகள் அந்த ஒரு பெயரில்தான் ஓடுகின்றன. டிஎன்எஸ் கேள்வி போவதும் அதன் வழியாகத்தான். ‘பேரு புதுசா இருந்துச்சு, வைரஸோன்னு வேண்டாம்னு அமுக்கிட்டேன்’ என்றாள். அவள் செய்ததில் தவறே இல்லை. தெரியாத ஆளை உள்ளே விடாதே என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்? அந்தக் குறியைப் பச்சையாக்கினேன், பக்கம் திறந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நாளுக்கு இருபது முறை கேள்வி வந்தால், ஒரு வாரத்தில் கை தானாக ‘அனுமதி’யை அமுக்கப் பழகிவிடும். அப்புறம் திருடன் வந்து கேட்டாலும் அதே பதில்தான்.

பயனர் ஒரு தவறும் செய்யாமலே கேட்கும் காவல் சிக்கலில் விட்டதும் உண்டு. 2008 ஜூலை 8-ல், பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி கண்டுபிடித்த டிஎன்எஸ் ஓட்டைக்காக மைக்ரோசாப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. கேள்வி புறப்படும் போர்ட் எண்ணை ஊகிக்க முடியாதபடி மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அந்தத் திருத்தம். சோன்அலாரத்தில் இணைய மண்டலப் பாதுகாப்பை ‘ஹை’யில் வைத்திருந்தவர்களுக்கு அதோடு இணையம் அற்றுப்போனது. நிறுவனம் சொன்ன வழிகள்: புதிய பதிப்பை நிறுவுவது, பாதுகாப்பை ‘மீடியம்’ ஆக இறக்குவது, அல்லது மைக்ரோசாப்ட் திருத்தத்தையே நீக்குவது. இதில் கடைசி வழியை எடுத்தவர்கள், உலகமே பதறி அடைத்த ஓட்டையைத் தங்கள் கையாலேயே திறந்துவிட்டார்கள். இரண்டு நிறுவனங்களின் மென்பொருள் ஒரே வாசலில் நிற்கும்போது இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

கேட்காத காவலின் கோளாறுகள் வேறு மாதிரி. அவை சத்தமில்லாமல் வரும். புதிதாக ஒரு வலையமைப்பில் சேர்ந்ததும் விண்டோஸ் 10 அதைப் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொள்ளும். பேருந்து நிலைய வைஃபைக்கு அதுதான் சரி. வீட்டுக்கு மோடம் மாற்றினாலும் அதே கதைதான்: நேற்றுவரை பக்கத்து அறையிலிருந்து பிரிண்ட் எடுத்தவருக்கு இன்று பிரிண்டர் தெரியாது. கேபிளை மாற்றுவார், டிரைவரை மறுபடி போடுவார். நெட்வொர்க் அமைப்பில் போய் அந்த இணைப்பைப் ‘பிரைவேட்’ ஆக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செல்போன் ஹாட்ஸ்பாட்டை மட்டும் பப்ளிக்காகவே விட்டுவையுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஒரு நிரல் வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காத்திருக்கத் தொடங்கினால் விண்டோஸும் ஒரே ஒருமுறை கேட்கும். அப்போது ‘கேன்சல்’ அமுக்கினால் பதில் சொல்லவில்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்த நிரலுக்கு ஒரு தடை விதி எழுதப்பட்டுவிடும். பிறகு எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் பயனில்லை, தடை விதிதான் வெல்லும். உள்வரும் விதிகளின் பட்டியலில் சிவப்புக் குறியோடு இருக்கும் அதைத் தேடி நீக்க வேண்டும். லினக்ஸின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் இதற்கு நேர்மாறு: மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் பொருந்தும் விதிப்படி நடக்கும். அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, ஞாபகம் இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் ஃபயர்வால் கேட்காதே தவிர, சொன்னால் எழுதி வைக்கும். மேம்பட்ட அமைப்பில் தடுத்தவற்றைப் பதிவு செய்யும் வசதி அணைந்தே இருக்கிறது. போட்டுவிட்டால் தேதி, நேரம், எண், போர்ட் எல்லாம் ஒரு கோப்பில் வரிவரியாகச் சேரும். சந்தேகம் வந்தால் ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பதைவிட இதைப் படிப்பது நல்லது. அணைத்தவர்கள் திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள். விதிகள் சிக்கலாகிப்போனால் தொடக்க நிலைக்கு மீட்கும் பொத்தான் இருக்கிறது. அதற்கு ஒரு நிமிடம் போதும். வெளியிலிருந்து நிறுவியதோ, நீக்கிய பிறகும் சில சமயம் தன் டிரைவரை உள்ளே விட்டுவிட்டுப் போகும். அதைத் துடைக்க அந்த நிறுவனத்தின் தனிக் கருவியையே தேட வேண்டியிருக்கும்.

இரண்டுமே காக்காத வாசல்களும் உண்டு. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் புழு பிறகு பென்டிரைவ் வழியாகவும் பரவியது. அதை எந்த ஃபயர்வாலும் மறிக்காது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஏராளமாகச் செயலிழந்தன. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்ததால் தீநிரல் மோடத்துக்குள் நேரே புகுந்தது. கணினியில் இருக்கும் காவலுக்கு அங்கே வேலையில்லை.

ஆகவே என் முடிவு இது. கணினி ஓடும் விதம் தெரிந்தவர், வரும் கேள்வியைப் படித்துப் பதில் சொல்லும் பொறுமை உள்ளவர், கேட்கும் காவலை வைத்துக்கொள்ளட்டும். அவருக்கு அது உண்மையாகவே உதவும். பிள்ளையும் தாத்தாவும் மாறிமாறி உட்காரும் வீட்டுக்கு விண்டோஸோடு வந்ததே போதும், இரண்டாவது ஒன்றை அதன்மேல் போட வேண்டாம். விண்டோஸ் 7-லேயே இருப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: 2020 ஜனவரி 14-ஓடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, காவல் இருந்தாலும் சுவரில் விழும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. எப்போதோ பிரிண்டருக்காக, ஏதோ விளையாட்டுக்காக ஃபயர்வாலை அணைத்து வைத்திருந்தால், இன்று கணினியைத் திறந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள்.