சட்டசபைக்கு இடம் தந்த மண்டபங்கள்

குடும்பம் பெருகினால் வீட்டில் இடம் போதாமற் போவது உலக இயற்கை. அப்பொழுது பக்கத்து வீட்டுத் திண்ணையையோ உறவினர் கூடத்தையோ கேட்டு வாங்கிக் கொள்கிறோம். ஓர் இராஜ்யத்தின் சட்டசபைக்கே அத்தகைய நெருக்கடி பன்முறை நேர்ந்தது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சென்னைச் சட்டசபை எவரெவர் கூரையின் கீழ் அமர்ந்து சட்டம் இயற்றியது என்னும் வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

இரட்டையாட்சிக் காலத்தில், 1921-ஆம் ஆண்டில் தொடங்கிய சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே கூடியது. உறுப்பினர் தொகை சுமார் 130. மண்டபமும் அதற்குத் தக்க அளவினது. 1937-இல் மாகாண சுயாட்சி வந்தது. மேலவை, கீழவை என மன்றம் இரண்டாயிற்று. கீழவைக்கு மட்டும் 215 உறுப்பினர்கள். கோட்டை மண்டபம் இவர்களைத் தாங்கவில்லை. யாரிடம் போய் இடம் கேட்பது?

கை கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். கடற்கரைச் சாலையில் சிஸம் என்னும் சிற்பியின் திட்டப்படி 1874-இல் தொடங்கி 1879-இல் கட்டி முடித்த செனட் மாளிகை, பட்டமளிப்பு விழாவுக்கும் பரீட்சைக்கும் பயன்பட்டு வந்தது. 1937 ஜூலை மாதம் புதிய சட்டசபை முதன்முதலாகக் கூடியது அங்கேதான். இராஜாஜி பிரதம மந்திரியாக அமர்ந்த அச்சபை, ஆண்டு முடியும் வரை கலைக்கழகத்தின் விருந்தாளியாகவே இருந்தது. ஆயினும் மாணவருடைய மண்டபத்தை எத்தனை நாள் பிடித்து வைத்திருப்பது? 1938 ஜனவரியில் சபை மவுண்ட் ரோட்டை அடுத்த அரசினர் தோட்டத்து விருந்து மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது. 1802-இல் கிளைவின் மகன் கவர்னராக இருந்தபோது கட்டி முடிக்கப்பட்ட மண்டபம் அது. பிளாசி வெற்றியையும் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியையும் நினைவூட்ட எழுந்தது. கும்பினியார் வெற்றியைக் கொண்டாடிய கூடத்தில், அவர்களை எதிர்த்துச் சிறை சென்று வந்தவர்கள் அமர்ந்து ஆலயப் பிரவேசத்தைச் சட்டமாக்கினார்கள்! இன்று அதற்கு இராஜாஜி மண்டபம் என்று பெயர். 1939 அக்டோபரில் மந்திரி சபை இராஜிநாமாச் செய்யவே அந்தக் குடியிருப்பும் முடிந்தது.

யுத்தத்திற்குப் பின் 1946-இல் சபை மீண்டும் கோட்டைக்குள் நுழைந்தது. 1952-இல் வயது வந்தோர் யாவருக்கும் வாக்குரிமை என்னும் விதிப்படி தேர்தல் நடந்தபோது உறுப்பினர் தொகை 375 ஆயிற்று. எவ்வளவு நெருக்கினாலும் கோட்டையில் இடமில்லை. எனவே அரசினர் தோட்டத்திலேயே தனியாக ஒரு மண்டபம் எழுப்பினார்கள். மே மாதம் முதல் சபை அங்கே கூடிற்று.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். இடநெருக்கடியைத் தீர்த்தவர் பொறியியலாளர் அல்லர். தேசப்படத்தை மாற்றியவர்களே தீர்த்தார்கள். 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956-இல் மலையாள, கன்னடப் பகுதிகள் போயின. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தும், 1957-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு 205 இடங்களே எஞ்சின. சபை கோட்டைக்குத் திரும்பியது. அரசினர் தோட்டத்து மண்டபம் பாலர் அரங்கமாகிக் குழந்தைகள் கைக்குப் போயிற்று. பின்னர் அது கலைவாணர் அரங்கம் ஆனது. பொதுப்பணத்தில் எழுந்த கட்டடத்தைப் பூட்டி வைக்காமல் சிறுவர்களுக்குத் திறந்து விட்டது நல்ல காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இடையில், 1959 ஏப்ரலில் பத்து நாட்கள்போல் உதகமண்டலத்து அரன்மூர் மாளிகையில் சபை கூடியதையும் சொல்லிவிட வேண்டும். கோடையின் கொடுமை அறிந்தவர்கள் அதைக் குறை கூறமாட்டார்கள்.

கோட்டையிலாவது சபை தனிக்குடித்தனம் நடத்துகிறதா? இல்லை. நிலத்தின் பெரும்பகுதி இராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1680-இல் எழுந்த செயிண்ட் மேரி தேவாலயம் வழிபாட்டுக்குத் திறந்திருக்கிறது. வணிகர் கூடிய பழைய மாளிகை 1948 முதல் அருங்காட்சியகம். பழஞ்சின்னங்களைக் காப்பது மத்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை. இத்தனை பேருக்கு நடுவே தலைமைச் செயலகம் நினைத்தவுடன் ஒரு மாடி கூட்டிக் கட்ட இயலாது. ஒவ்வொருவரையும் கலந்தாக வேண்டும். இது வீண் தாமதம் என்பாரும் உண்டு. ஒரே கையில் இருந்திருந்தால் பழைய சுவர்களில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கும் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

அரசினர் தோட்டத்தில் அதுவே நிகழ்ந்தது. புதிய சட்டசபை வளாகத்துக்காக, கவர்னர்கள் வாழ்ந்த பழைய அரசினர் மாளிகை 2008-இல் இடிக்கப்பட்டது. வளாகம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டுச் சபை அங்கே சென்றது. கோட்டையில் காலியான மண்டபம் செம்மொழித் தமிழாய்வு நூலகத்துக்கு இடமாயிற்று. மறு ஆண்டு ஆட்சி மாறியது. சபை கோட்டைக்கே வந்தது, நூல்கள் வெளியேறின. அமைச்சர்களுக்கென்று அமைந்த வளாகம் 2014-இல் உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று. நோயாளிகள் பயன் பெறுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் இடிபட்ட மாளிகை வரப் போவதில்லை. மருத்துவமனை தேவை என்று முதலிலேயே தெரிந்திருந்தால் கட்டடத்தின் அமைப்பே வேறாக இருந்திருக்கும்.

2020-இல் கொள்ளைநோய் வந்தது. உறுப்பினர்கள் விலகி அமர வேண்டியதாயிற்று. கோட்டை மண்டபம் மறுபடியும் சிறிதாகிவிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சபை போய் அமர்ந்தது கலைவாணர் அரங்கத்தில். 1952-இல் கட்டிய மண்டபம் அன்று இல்லை. அது இடிக்கப்பட்டு, அதே இடத்தில் எழுந்த பெரிய கட்டடம் 2016-இல் திறக்கப்பட்டிருந்தது. 2021 மே மாதம் புதிய உறுப்பினர்கள் பதவிப் பிரமாணம் செய்ததும் அங்கேதான். 2022-இல் சபை மீண்டும் கோட்டைக்கு வந்து சேர்ந்தது.