குருதியமுக்க ஆராய்ச்சியும் இளம் ஆய்வாளரும்

குருதியமுக்க ஆராய்ச்சியின் வரலாறு பெரிதும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. குதிரையின் நாடியிற் குழாய் பொருத்தி அளந்ததை ஸ்டீவன் ஹேல்ஸ் பாதிரியார் 1733இல் வெளியிட்டார். இத்தாலியரான ரிவா-ரொச்சி 1896இல் புயத்திற் சுற்றும் காற்றுப்பட்டியை அமைத்தார். அக்கருவியைக் கையாளும் ஆய்வாளர் எங்ஙனம் உருவாயினர் என்பதே நாம் ஈண்டு நோக்குவது.

1905இல் சென் பீற்றர்ஸ்பேர்க் படை மருத்துவக் கழகத்தைச் சார்ந்திருந்த நிக்கொலாய் கொரொட்கொவ், பட்டத்திற்கு ஆய்வு செய்துகொண்டிருந்த 31 வயது இளைஞர். போரிற் காயமுற்றோரின் நாடிகளே அவருடைய ஆய்வுப்பொருள். கத்தி வைக்குமுன் காயப்பட்ட நாடியைச் செவியாற் கேட்டறிக என்பது, பிரோகொவ் என்னும் மூத்த அறுவை மருத்துவர் விட்டுச்சென்ற பாடம். அவ்வாறு கேட்டுப் பழகிய செவிக்கே, பட்டி தளர்கையில் முழங்கை மடிப்பில் எழுந்து மறையும் ஒலி பொருளுடையதாயிற்று. ஒரு பக்கமும் நிரம்பாத அறிக்கையாக அதனை அவையில் வைத்தார். அவ்வொலி நெஞ்சிலிருந்து வருவதாகாதோ என மூத்தோர் வினவினர். விலங்குகளிற் சோதித்து மீண்டும் வந்து விடை கூறினார். பின்னர் யனொவ்ஸ்கி என்ற பேராசிரியர் தம் மாணாக்கரைக் கொண்டே அம்முறையைச் சரிபார்ப்பித்தார். ஐயமெழுப்பும் அவையும், பிறர் கண்டதைத் திரும்பச் செய்துபார்க்கும் மாணாக்கரும் இல்லையாயின், அவ்வொலி ஒருவர் செவியோடு ஒழிந்திருக்கும்.

பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி வேரால் 50 நோயாளரின் அமுக்கம் தணிந்தமையை 1949இல் வெளியிட்டார். அவ்வேரை நாட்டு வைத்தியர் நெடுங்காலம் அறிவர். முன்னும் பின்னும் அளந்து பதிந்தமையாலேயே மேல்நாட்டார் அதனை ஏற்றனர்.

இலங்கையிற் களனிப் பல்கலைக்கழகத்தார் பங்குகொண்ட சோதனையொன்று 2018இல் வெளியாயிற்று. 700 நோயாளர் அதிற் சேர்ந்தனர். மூன்று மருந்துகளைச் சிற்றளவிற் கூட்டிய மாத்திரை பெற்றோருள் நூற்றுக்கு 70 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 55 பேரும், 6 மாதத்தில் உரிய அளவை எய்தினர். அது நகர மருத்துவமனைகளில் நிகழ்ந்தது.

கொத்மலைத் தோட்டங்களில் அளக்கப் புகும் இளைஞருக்கோ வேறு பயிற்சியும் வேண்டும். கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கிவந்த பெண்ணை உடனே அளந்தால் எண் மிகையாகவே காட்டும். 5 நிமிடமேனும் முதுகு சாய்த்து அமர்தல் வேண்டும்; புயம் நெஞ்சளவிற் தாங்கப்படல் வேண்டும்; முந்திய அரைமணியில் தேநீர் பருகியிருத்தல் ஆகாது. தேயிலை நாட்டில் இஃது எளிய விதியன்று! கொழுந்து நிறுக்கும் வேளையில் அவள் அமரவும் மாட்டாள். ஓய்வு நாளில் லயத்து வாசலுக்குச் சென்று மறுமுறை அளத்தல் வேண்டும். நேற்று மாத்திரை விழுங்கினாளா என்பதை அவள் மொழியிற் கேட்டாலன்றி அறிய இயலாது. பிழையான எண்ணால் ஒருத்தி வீணே ஆயுள்முழுதும் மருந்துண்பாள். மற்றொருத்தி கவனிப்பாரின்றிப் பாரிசவாதத்தில் வீழ்வாள். அம்மொழியும் அவ்வேலை நேரமும் அறிந்த மாணாக்கர் இம்மலைகளிலேயே உளர். யனொவ்ஸ்கியைப் போன்ற ஆசிரியரும், வினவும் அவையுமே அவர்க்கு வேண்டுவன.