கூடுகை ஆணை (டென்மார்க்–நார்வே, 1741)

குருவானவரின் மேற்பார்வை இல்லாமல் நடக்கும் ஜெபக்கூட்டங்களைத் தடுக்க, லுத்தரன் நாடாகிய டென்மார்க்–நார்வேயில் மன்னர் ஆறாம் கிறிஸ்டியன் 1741 ஜனவரி 13 அன்று பிறப்பித்த ஆணை. முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கக் கூடாது என்ற ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் (1530) 14ஆம் பிரிவே இதன் வேர். ஸ்வீடன் 1726லேயே இதைவிடக் கடுமையான சட்டம் இயற்றியிருந்தது. அது 1858 வரை நீடித்தது.

மன்னர் லுத்தரன் சபைக்குள் எழுந்த பக்தி இயக்கத்தின் (Pietism) எதிரி அல்லர். அவருடைய தந்தை நான்காம் பிரெடரிக் மிஷனரி சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவர். மகனும் அதே பக்தியில் ஊறியவர். ஆகவே ஆணை ஜெபக்கூட்டங்களை முற்றிலும் ஒழிக்கவில்லை. வீட்டார் கூடி ஜெபிக்கத் தடையில்லை. வெளியார் கூடுவதானால் குருவானவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். குருப்பட்டம் பெறாதவர் ஊர் ஊராகச் சென்று பிரசங்கிப்பது மட்டும் அடியோடு தடுக்கப்பட்டது.

அந்தத் தடையின் முழுப் பாரத்தையும் சுமந்தவர் ஹான்ஸ் நீல்சன் ஹாகே (1771–1824). நார்வேயின் தென்கிழக்கில் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை. 1796 ஏப்ரல் 5 அன்று வயலில் உழுதுகொண்டிருந்தபோது இறையனுபவம் பெற்றார். பிறகு நாடெங்கும் நடந்தே சென்று போதித்தார். நடக்கும்போதும் கை சும்மா இருக்காமல் கம்பளிக் கையுறை பின்னும். புத்தகங்கள் எழுதினார், காகித ஆலை முதலிய தொழில்களைத் தொடங்கினார். அவர் புதிய மதம் எதையும் சொல்லவில்லை. லுத்தரின் போதனையையே சொன்னார், மக்களைத் தங்கள் ஊர்ச் சபையை விட்டு விலக வேண்டாம் என்றும் வற்புறுத்தினார். உபதேசத்தில் பிழை இல்லாத ஒருவரை, உபதேசிக்க உரிமை இல்லை என்பதற்காகச் சபையும் அரசும் தண்டித்தன என்பதுதான் இந்த வழக்கில் மறக்கக் கூடாத செய்தி.

பலமுறை பிடிபட்டு விடுபட்ட ஹாகே 1804இல் கைதாகி, 1811 வரை சிறையில் கிடந்தார். போர்க்கால முற்றுகையால் நார்வேயில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கடற்கரையில் உப்பு காய்ச்சும் ஆலைகள் அமைக்க 1809இல் அரசே அவரை வெளியே விட்டது. வேலை முடிந்ததும் மறுபடி சிறை. ஆணையை மீறியதற்கும் குருமாரை இழிவாக எழுதியதற்கும் 1813இல் இரண்டு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 1814இல் அது 1000 ரிக்ஸ்டாலர் அபராதமாகக் குறைந்தது. உடல் நலம் மட்டும் திரும்பவே இல்லை. 52 வயதில் இறந்தார்.

ஆணையை நீக்கும் மசோதாவை நார்வே நாடாளுமன்றம் 1836இலும் 1839இலும் நிறைவேற்றியது. இரு முறையும் அப்போதைய மன்னர் ஒப்புதல் தரவில்லை. மூன்றாம் முறையாக 1842இல் நிறைவேறியபோதுதான் அது சட்டமானது.